கூட்டி எழுதிய இரண்டு வயது

என் நாத்தனாருக்கு இரண்டு வயதைக் கூட்டிக் கொடுத்தது நான்தான். அவளைப் பெற்றவள் இல்லை, தரகன் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை. அந்த மனுவில் இருந்தது என் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து வேறு.

நான் களியக்காவிளைச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தமிழ் படித்து வளர்ந்தவள். கல்யாணம் ஆகி வந்தது இந்தப் பக்கம், கேரளத்தில் பாறசாலையை ஒட்டிய ஒரு ஊருக்கு. பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. வீட்டுக்குள் பேசுவது இரண்டு பக்கமும் ஒரே பேச்சுதான். ஆனால் இங்கே பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளம். அந்தப் பக்கத்து ஆபீஸ் எதற்காவது தமிழில் ஒரு மனு வேண்டுமென்றால் எங்கள் பகுதியில் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த மதிப்பு அது ஒன்றுதான்.

கல்யாணத்தின்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தங்கைகள் இரண்டு பேரையும் கரையேற்றிவிட்டுத்தான் என் முறை வந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். தாலி கட்டி இருபத்திரண்டாவது நாள் விமானம் ஏறினார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்தார். அதிலும் பத்து நாள் மஞ்சள்காமாலையில் பத்தியக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். இவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம். ஆனால் ஊரில் யாரும் அவருடைய லீவை எண்ணவில்லை, என் வயதைத்தான் எண்ணினார்கள்.

"இருவத்தெட்டு வரைக்கும் வச்சிருந்தா வயறு காய்ஞ்சு போவுமாக்கும்" என்பார் மாமி. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். கெட்ட மனுஷி இல்லை. மழையில் நனைந்து வந்தால் தலை துவட்டத் துண்டோடு ஓடிவருவார். ஆனால் மனதில் பட்டதை நாக்கில் ஒரு நொடிகூட வைத்திருக்க மாட்டார். அவருக்குப் பதினான்கு வயதில் கல்யாணம், பதினைந்தில் முதல் பிள்ளை. "நான் அஞ்சு பெற்றேன், செத்தா போனேன்?" என்பார். அந்த ஐந்தில் முதல் இரண்டும் பிறந்த வாரத்திலேயே போய்விட்டன. அதைக் கேட்டால், "அது கர்த்தரு குடுத்தாரு, கர்த்தரு எடுத்தாரு" என்று முடித்துவிடுவார். ஐந்து என்பதில் மட்டும் அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்வார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு லேடி டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, "புருஷன் எங்கே?" என்று கேட்டார். மஸ்கட்டில் என்றேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல ஆளை வரச் சொல்லுங்க, பிறகு மருந்து தாறேன்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அந்த வீட்டில் கடைக்குட்டி என் நாத்தனார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போய் வீட்டில் இருந்தாள். என்னை "மைனி, மைனி" என்று வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றுவாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. ரப்பர் மரத்தடியில் விழுந்து கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி வந்து, ஒன்றை சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்ப்பாள். கொட்டை நெருப்பாகச் சுடும்போது பின்னால் வந்து என் கையில் வைத்துவிட்டு ஓடுவாள். நான் துடைப்பத்தோடு துரத்துவேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அவளால்தான்.

அவளுக்குப் பதினாறு நடக்கும்போது அம்பூரிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மலையில் கொஞ்சம் ரப்பர், சொந்தமாக ஒரு ஜீப், ஒரே பையன், இருபத்தேழு வயது. மாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான், "அவ இன்னொரு தடவ பரீட்ச எழுதட்டும் மாமி, பதினெட்டு ஆகட்டும்" என்றேன்.

மாமி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "பிந்திப் போனா என்ன ஆவும்னு நான் ஒருத்தரிட்டயும் போய்க் கேக்கண்டாம் மக்கா. வீட்டிலயே உண்டு" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன பேச? நான் வாயைத் திறந்தால் அது பிள்ளையில்லாதவளின் எரிச்சல். சின்னப் பெண் கெட்டிப் போய்ப் பெற்றுவிடுவாளே என்ற கண். யாரும் இதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயமே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கல்யாணத்தில் நான்தான் அத்தாட்சி. பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்த அத்தாட்சி.

எங்கள் சபைப் போதகர் முடியாது என்று சொல்லிவிட்டார். "ஞானஸ்நானப் புத்தகத்துல இவ பெறந்த தேதி எழுதியிருக்கு. பதினெட்டு தெகையாம நான் அறிக்க வாசிக்க மாட்டேன்" என்றார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிக்கை வாசிக்க வேண்டும். அது இல்லாமல் கல்யாணம் இல்லை. போதகர் நல்ல மனுஷர், உறுதியானவர். ஆனால் உறுதி செக்போஸ்ட் வரைதான்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு வழி தெரியும். பெண்ணை அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது. அவர்கள் ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்ப்பது. அந்தக் காலத்தில் அதற்குப் பிறப்புச் சான்று ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததுதான் வயது. அந்தக் கார்டைக் காட்டி அங்கேயே ஒரு சின்ன ஜெபவீட்டில் கல்யாணத்தை முடிப்பது. இங்கே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் வயது இங்கேயே பெட்டிக்குள் கிடக்கும். "செக்போஸ்ட் தாண்டினா பொண்ணுக்கு ரெண்டு வயசு கூடும்" என்று எங்கள் பகுதியில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மாமியின் தங்கை வீடு அந்தப் பக்கம். மனு தமிழில் எழுத வேண்டும். மாமி தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கூடவே சூடாக ஒரு டம்ளர் சாயாவும் வைத்தார். வயது என்ற இடத்தில் பேனா நின்றது. என் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். "எழுதுங்க மைனி, எனக்கென்ன, நான் அம்பூரியில ஜீப்புல போவேன்" என்றாள். பதினெட்டு என்று எழுதினேன். எழுத்திலும் எழுதி, எண்ணிலும் எழுதினேன். சாயாவையும் குடித்தேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் சேதி வந்தது, அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று. மாமி அன்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். திரும்பி வந்து என்னிடம், "பாத்தியா மக்கா, அந்தந்த வயசுல நடந்தா எல்லாம் தன்னால நடக்கும்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். பொறாமையும் பட்டேன். இரண்டும் உண்மை. குளிக்கும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன்.

ஏழாம் மாதம் முந்திரிக்கொத்தும் முறுக்கும் ஏத்தங்காய் உப்பேரியுமாகப் பலகாரம் கொண்டுபோய், அவளைக் கூட்டி வந்தோம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். வயிறு மட்டும்தான் பெரிதாகியிருந்தது. கையும் காலும் கழுத்தும் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடச் சீருடைக்குள் தலையணையைச் சொருகிய மாதிரி இருந்தாள். வந்த மறுநாளே ரப்பர் கொட்டையைத் தேய்த்து என் கையில் சுட்டாள். இந்த முறை ஓட முடியவில்லை. அந்த இடத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் பகுதிக்கு ஒரு அரசாங்க நர்ஸ் வருவார். நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். குடை, தோளில் ஒரு கறுப்புப் பை, பிரஷர் பார்க்கும் பெட்டி, ஒரு பெரிய ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டரில் எல்லாக் கர்ப்பிணிகளின் பெயரும் நீல மையில் இருக்கும். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதுவார். நீலப் பெயர்களை மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். சிவப்புப் பெயர்களை வாராவாரம் வீடு தேடி வந்து பார்ப்பார். "சின்ன உடம்பு. அதுவே இன்னும் வளருது, அதுக்குள்ள இன்னொண்ணும் வளரணும். பிரஷர் ஒருநாள்ல ஏறும்" என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை பேசியிருக்கிறார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்.

சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து ரிஜிஸ்டரைத் திறந்தார். "வயஸ்ஸெத்ர?" என்று மலையாளத்தில் கேட்டார்.

யாரும் பேசுவதற்கு முன் என் நாத்தனாரே, "பத்தொன்பது" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், பாடம் சரியாக ஒப்பித்த பிள்ளை டீச்சரைப் பார்ப்பது மாதிரி. ஊரார் சொல்லிக்கொடுத்ததுதான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் சரியா என்று கேட்டது என்னிடம். நான் தலையை ஆட்டினேன். சிஸ்டர் நீலப் பேனாவை எடுத்தார்.

அடுத்த மூன்று வாரத்தில் அவள் கால் வீங்கியது. மாமி, "தலப்பிள்ளைக்கு நீரு வரும். எனக்கும் வந்தது" என்றார். பிறகு முகம் வீங்கியது. மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டு நான்தான் கழற்றினேன். பிறகு தலைவலி என்றாள். சிஸ்டர் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

அன்று மத்தியானம் மாமி அசந்த நேரம் பார்த்து, பெட்டியைத் திறந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு சிஸ்டர் இருக்கும் சப்சென்டருக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சிஸ்டர் அங்கே இருந்தார். தனியாக, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "எந்தா விசேஷம்?" என்று சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் போலீஸ் வருவது தெரிந்தது. மாமி ஸ்டேஷனில் நிற்பது தெரிந்தது. மனு எழுதியது யார் என்ற கேள்வி தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, "பெறாதவ, பெறப்போறவ குடியைக் கெடுத்தா" என்று ஊர் சொல்லப்போவது காதிலேயே கேட்டது. என்னை நான் நல்லவளாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அந்த நிமிஷம் நான் அவள் வீங்கிய முகத்தை நினைக்கவில்லை, என் பெயரைத்தான் நினைத்தேன்.

"இரும்பு மாத்திர தீந்துபோச்சு சிஸ்டர்" என்றேன். தீரவில்லை. முப்பது மாத்திரை தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். கால்வீக்கத்தைப் பற்றியாவது சொன்னாயா என்றால், அதுவும் இல்லை. சொன்னால் கூடவே கிளம்பி வந்துவிடுவார் என்று பயம்.

அதிலிருந்து நான்காம் நாள், காலைக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவள், "மைனி, கண்ணுக்குள்ள மின்னுது" என்றாள். வெளிச்சம் கூசுகிறதென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாந்தி எடுத்தாள். நான் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் தரையில் கிடந்து வலிப்பில் வெட்டிக்கொண்டிருந்தாள். பல்லுக்கிடையில் நாக்கு. மாமி அவள் கையில் சாவியைக் கொடுத்துப் பொத்தினார், ஜெபம் பண்ணினார், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். பக்கத்து வீட்டு ஜீப்பில் தூக்கிப் போட்டோம். என் மடியில் தலை, மாமி மடியில் கால்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓடிவந்தார். இளம் டாக்டர். ஊசியைப் போட்டுக்கொண்டே என்னிடம், "வயசு?" என்றார்.

"பத்தொன்பது."

அவர் அவளைப் பார்த்தார். அந்தக் கை, அந்தக் கழுத்து. பிறகு என்னைப் பார்த்து, "ஒறப்பாணோ?" என்று கேட்டார். நிச்சயம்தானா என்று. அப்போதாவது என் வாய் திறந்திருக்க வேண்டும். பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் யாரிடமிருந்து எதை மறைக்கிறேன்? ஆனால் பொய் பழகிவிட்டால் நாக்கு நம்மைக் கேட்பதில்லை. "ஆமா சார்" என்றேன்.

திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றேமுக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய்க்குக் கண் திறக்கவேயில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அங்கிருந்த பெரிய டாக்டர் கார்டைப் புரட்டிப் பார்த்து, "பிரஷர் பார்த்து நாலு வாரம் ஆகியிருக்கு. ரெண்டு வாரம் முன்னால பார்த்திருந்தா இங்க கொண்டுவந்து படுக்க வச்சிருக்கலாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காப்பாற்றியிருப்போம் என்றும் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லியிருந்தாலோ, முடிந்திருக்காது என்று சொல்லியிருந்தாலோ எனக்கு ஏதோ ஒன்று முடிந்திருக்கும்.

அடக்கத்துக்கு மட்டும் எல்லாரும் சொந்த சபைக்குத்தான் வருவார்கள். போதகர் அடக்கப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வயதைக் கேட்டார். அவருக்குத் தெரியாதா? ஞானஸ்நானப் புத்தகம் அதே அலமாரியில் இருக்கிறது. இருந்தாலும் வீட்டார் வாயால் கேட்க வேண்டுமென்று காத்திருந்தார். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாப்பிள்ளை தலை குனிந்திருந்தான். பாவம், அவன் என்ன கண்டான், பதினெட்டு என்று சொல்லித்தானே கொடுத்தோம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து வந்து சேரவில்லை.

"பதினேழு" என்றேன் நான். "போன மாசந்தான் தெகைஞ்சுது."

மாமி என் பக்கம் திரும்பினார். "இப்பம் சொல்லுதியே மக்கா" என்றார். "அண்ணு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா நான் உன்ன வெட்டவா செய்திருப்பேன்?"

மனுவை என் முன்னால் வைத்தது நீங்கள்தானே என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது நியாயம். அவருக்குத் தெரியாது, அறியாமல் செய்தார். சிவப்பு மை எதற்கென்று அந்த வீட்டில் தெரிந்திருந்தவள் நான் ஒருத்தி. அடக்கத்துக்கு வந்திருந்த சிஸ்டரும் அதையே வேறு மாதிரி கேட்டார். வாசலில் குடையை விரித்துக்கொண்டே, "நிங்ஙள் படிச்ச ஆளல்லே?" என்றார். படித்தவள்தானே நீ என்று. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

மாப்பிள்ளை அடுத்த வருடம் வேறு கல்யாணம் செய்துகொண்டான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த குழந்தை எங்கள் வீட்டில் வளர்ந்தது. பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை கிடைத்தது என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். அவர்களைக் கொன்றுவிடலாம் போல இருக்கும். தங்கை சாவோடு என் வீட்டுக்காரர் மஸ்கட்டை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வந்த நாலாம் மாதம் நான் உண்டானேன். முப்பத்திரண்டாவது வயதில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆண் குழந்தை பெற்றேன். காய்ந்த வயிறு காய்ந்ததாக இருக்கவில்லை. ஆள்தான் ஊரில் இருக்கவில்லை. எந்த அத்தாட்சியை நம்பி அவளைக் கெட்டிக் கொடுத்தார்களோ அந்த அத்தாட்சியே பொய் என்று என் உடம்பு இரண்டு வருடம் பிந்திச் சொன்னது. பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் தந்தபோது நான் அழுதது சந்தோஷத்தில் என்று நர்சுகள் நினைத்தார்கள்.

மாமியும் நானும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொண்டதில்லை. ஒரே அடுப்படியில் வருடங்கள் போயின. பெண் வளர்ந்தாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுவாள்.

அவள் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டிலிருந்த விடுமுறையில் ஒருநாள் சாயங்காலம். மாமிக்கு அப்போது கண் மங்கிவிட்டது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவள் எங்கிருந்தோ பொறுக்கி வந்த ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விளையாட்டுதான். பதுங்கிப் போய் மாமியின் கையில் வைத்துவிட்டு, கைகொட்டிச் சிரித்துக்கொண்டு ஓடினாள். பாவாடை தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் சிரித்தாள்.

மாமி கையைத் தேய்த்துக்கொள்ளவில்லை. சுட்ட இடத்தை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு, அவள் ஓடிய திசையைப் பார்த்தார்.

"மக்கா, இவளுக்கு இப்பம் எத்தற வயசு?"

"பதினாறு, மாமி."

நீட்டியிருந்த கையை மாமி மெல்ல மடக்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினாறுன்னா இத்தறயுந்தானா?" என்றார்.